இடது பக்கத்து வெள்ளைக்காரி

மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் பெரிய ரோட்டை விட்டு இறங்கி, மூன்றாவது வளைவில் நிற்கும் பலாமரத்தைத் தாண்டினால் நாகமுத்துவின் வீடு. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, தேவையும் இல்லை. 'காது கிளாக்கர் வீடு' என்று த்ரீவீல்காரரிடம் சொன்னால் போதும், கொண்டுபோய் வாசலிலேயே இறக்கிவிடுவார். அந்தப் பலாமரம் அவர் குடிவந்த புதிதில் ஒருநாள், பருவமில்லாத பருவத்தில், ஒரே நேரத்தில் ஏழு காய்களை உதிர்த்தது. அன்றைக்குத்தான் நாகமுத்து தன் பேஸ் பெட்டியை முதல்முறையாக இங்கே முழுச் சத்தத்தில் வைத்தார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் சத்தியம் செய்வார். காய் விழுந்து கூரை ஓடு நொறுங்கிய பக்கத்து வீட்டுக்காரர் வேறு மாதிரிச் சத்தியம் செய்வார். காய் ஏழா ஐந்தா என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு உண்டு.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததல்ல. எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஆபீஸ் கிளாக்கராக இருந்தவர் அவர். துரையின் ஜீப் இரண்டு வளைவு கீழே வரும்போதே, கியர் மாறும் சத்தத்தைக் கேட்டு, துரை இன்றைக்குச் சிரிப்பாரா சீறுவாரா என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் லீவு கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். மிளகுக் கொடியில் அணில் ஏறுகிறதா பாம்பு ஏறுகிறதா என்பதை ஆபீஸ் கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னவர் என்று ஒரு கதை உண்டு. பாம்பு என்று அவர் சொன்ன நாளில் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை என்பதால் அந்தக் கதை இன்றுவரை உயிரோடிருக்கிறது.

இத்தனை கூர்மையான காது எப்படி வந்தது என்றால், பசியால் வந்தது. வயிற்றுப் பசியல்ல, பாட்டுப் பசி. அவர் பிறந்த தோட்டத்து லயத்து வரிசையில் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. ரேடியோ ஒன்றே ஒன்று, அது நாலாவது காம்பராவில். நாகமுத்து பிறந்தது ஆறாவதில். இடையில் இரண்டு சுவர். ஆக, அவர் சின்ன வயதில் கேட்ட பாட்டெல்லாம் இரண்டு சுவரைத் தாண்டி வந்த பாட்டு. சுவர் தடித்த சத்தத்தை விட்டுவிடும், மெல்லிய சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தபேலா வரும், பாடுகிறவரின் அடித்தொண்டை வரும். ஜால்ரா வராது, புல்லாங்குழலின் மேல்பாகம் வராது, பாடுகிறவள் மூச்சு வாங்குவது வரவே வராது. அதுதான் பாட்டு என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தார். பிறகு கேசட் வந்தது, அதுவும் தேய்ந்த கேசட், தேய்ந்த ரெக்கோடர். இன்னொரு சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து இரண்டில் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஆட்களின் பேரும் வேலை நாளும் எழுதும் செக்ரோலை இனிமேல் அதில்தான் அடிக்க வேண்டும் என்றார்கள். அது ஊமைக் கம்ப்யூட்டர். தப்பாக ஏதாவது அழுத்தினால் 'பீப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்டியிலிருந்து அதைப் படிப்பிக்க வந்த பொடியன் ஒருவன், இதற்குள் சவுண்ட் கார்ட் என்று ஒன்றைப் போட்டால் பாட்டும் கேட்கலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து நாகமுத்துவுக்குத் தூக்கம் போனது.

அடுத்த சம்பளத்துக்கு மாத்தளையில் ரெயில் ஏறிக் கண்டிக்குப் போனார். வாங்கிய சவுண்ட் கார்டைக் கைபடாமல் கொண்டுவர வேண்டும், விரலிலிருந்து கரண்ட் பாய்ந்துவிடும் என்று கடைக்காரர் பயங்காட்டியிருந்தார். அதனால் அதை வாழையிலையில் சுற்றி, தன் அலுமினியச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தார். வந்த களைப்பில் பெட்டியை அடுப்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். மனைவி பாப்பம்மா வழக்கம்போல சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பச்சையாக, சதுரமாக, மேலே கறுப்புக் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு ஒன்று இருந்தது. கண்டியில் இப்படியும் ஒரு பலகாரம் விற்கிறார்கள் போல, மனுசன் சாப்பிடாமல் மிச்சம் வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டு, பெட்டியோடு சேர்த்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

நாகமுத்து குளித்துவிட்டு வந்து பார்த்த காட்சியை விவரிக்க வேண்டாம். அவர் கத்தவில்லை. கத்துவதற்கு வேண்டிய மூச்சு வரவில்லை. அந்த நேரம் முற்றத்துப் பாயில் சாதிக்காய் காய்ந்துகொண்டிருந்தது. சவுண்ட் கார்டையும் கொண்டுபோய் அதற்கு நடுவில் வைத்தார். வெயில் சாய்ந்தால் உள்ளே எடுத்தார், வெயில் வந்தால் வெளியே வைத்தார், காக்கைக்குக் காவல் இருந்தார். மூன்றாம் நாள் ஆபீசுக்குக் கொண்டுபோய் பயந்து பயந்து செருகினார். வேலை செய்தது. அது கழுவியதால்தான் இவ்வளவு சுத்தமாகப் பாடுகிறது என்று பாப்பம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் பழசாகி, ஏலத்தில் அவர் வீட்டுக்கே வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஃபிள் என்கிற ஸ்பீக்கர்ப் பெட்டி இரண்டை இரண்டு பக்கமும் வைத்து, முப்பது வருடமாக மனப்பாடமாக இருந்த பாட்டு ஒன்றைப் போட்டார். நடுப்பாட்டில் யாரோ வீட்டுக்குள் கொலுசோடு நடந்தார்கள். "நில்லு புள்ள" என்று பாப்பம்மாவை அதட்டினார். பாப்பம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள், அவளுக்குக் கொலுசும் கிடையாது. கொலுசு பாட்டுக்குள் இருந்தது. முப்பது வருடமும் அங்கேதான் இருந்திருக்கிறது. நாகமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றார். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே இல்லை, அதனால்தான் பருப்பு மட்டும் சமைத்தாள்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் மூன்று முறை மாறியது, சவுண்ட் கார்ட் மாறவில்லை. புதிதாக வருகிற கம்ப்யூட்டருக்குள்ளேயே சத்தம் இருக்கிறதே, தனிக் கார்ட் எதற்கு என்று கடைக்காரர்கள் கேட்டால், அந்தச் சத்தத்தில் மவுஸை நகர்த்தினால் சுவரைச் சுரண்டுவது மாதிரிக் கேட்கிறது என்பார். சட்டைப் பையில் தன் கார்டைக் கொண்டுபோய், ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கச் சொல்லி, அது உட்காரும் இடம் இருக்கிறதா என்று செருகிப் பார்ப்பார். மாப்பிள்ளையின் காலுக்குப் பார்த்துச் சப்பாத்து வாங்குவது மாதிரி. உட்காராவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வேண்டாம்.

ரிட்டையர் ஆகி அலுவிகாரையில் இந்த வீட்டைக் கட்டுவதற்கு வெகு முன்பே, அவருடைய இரண்டு பெட்டி ஆறாகிவிட்டது. முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு, நடுவில் பேச்சுக்கு ஒன்று, மூலையில் தடித்த சத்தத்துக்குப் பேஸ் பெட்டி ஒன்று. ஒன்று உடைந்த வேனிலிருந்து வந்தது, இரண்டு தியேட்டர் ஒன்றை மூடியபோது வந்தது. பேஸ் பெட்டியை அவரே தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்தார். பின்பக்கத்தில் ஒன்றை அடுப்படிக் கதவுக்கு மேலே மாட்டியதால், படத்தில் ஹெலிகொப்டர் வரும்போதெல்லாம் அது பாப்பம்மாவின் குழம்புச் சட்டிக்கு மேலாகத்தான் பறந்து வரும். அவள் மூடியைப் போட்டு மூடிவிடுவாள்.

முதல் ஆறு மாதம் ஒரு சின்னப் பிழையும் நடந்தது. கார்டின் பின்பக்கத்து ஓட்டைகளில் ஒன்று ஆரஞ்சு நிறம், அதிலிருந்து வரும் ஒரே வயர் இரண்டாகப் பிரிந்து ஒன்று பேச்சுப் பெட்டிக்கும் மற்றது பேஸ் பெட்டிக்கும் போக வேண்டும். நாகமுத்து அந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். பேச்செல்லாம் தேயிலைப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. கதாநாயகி வெட்கப்பட்டுப் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து எருமை பேசுவது மாதிரி இருந்தது. ஞாயிறு தோறும் படம் பார்க்க வந்த அயல் சனம் அதுதான் புது முறை, தியேட்டரில் இப்படித்தான் என்று நம்பியது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திய அன்றைக்கு ஒருவருக்கும் பிடிக்கவில்லை. கதாநாயகிப் பிள்ளைக்குத் தொண்டை கெட்டுப்போச்சு என்று நாலு பேர் எழும்பிப் போனார்கள்.

அப்படிப் போகாமல் இருபது வருடமாக ஞாயிறு தவறாமல் வருகிற ஒரே ஆள் ஜமால்தீன். மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரம். தோட்டத்து மிளகு எடுக்க ஆபீசுக்கு வந்தவர், கம்ப்யூட்டர் பாடுவதைக் கேட்டு நின்றார். நின்றது பாராட்டுவதற்கு அல்ல. அவர் ஜித்தாவில் ஒன்பது வருடம் டிரைவராக இருந்து, திரும்பும்போது கப்பலில் போட்டுக் கொண்டுவந்த பெரிய ஸ்டீரியோ செட் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தால் நெஞ்சு மயிர் அசையும் என்பார். கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பது அவருக்குப் பிடிக்கவேயில்லை.

"கம்ப்யூட்டர் எழுதத்தான் ஈக்குது நாகமுத்து, பாட்டு கேக்க செட் ஈக்குது. மாட்டுல பால் கறக்கலாம். மாட்டுல ஏறிக் கொழும்புக்குப் போக ஏலுமா?"

"ஒங்க செட்டுல ரெண்டு பக்கமும் ஒரே பக்கமாக் கேக்குது நானா. என் வீட்டுல வயலின்காரன் எந்தக் கதிரையில குந்தியிருக்கான்னு நான் காட்டுவேன்."

அண்ணன் முறைக்கு அவரை 'நானா' என்றுதான் நாகமுத்து கூப்பிடுவார். இந்த ஒரே சண்டையை அவர்கள் ஆயிரம் ஞாயிறு போட்டிருப்பார்கள். பாப்பம்மா கொண்டுவந்து வைக்கும் பிளேன்டீயும் பனங்கட்டித் துண்டும் தீரும் வரை சண்டை, பிறகு பாட்டு. ஜமால்தீனின் செட் பத்து வருடத்துக்கு முன்பே எலி வயரைக் கடித்துப் படுத்துவிட்டது. அதை அவர் ஒப்புக்கொண்டதில்லை, ரெஸ்ட் எடுக்கிறது என்பார். அந்த ஆயிரம் ஞாயிறிலும் நாகமுத்துவின் சவுண்ட் கார்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து விழவில்லை. கேட்டால், பரவாயில்லை, கம்ப்யூட்டருக்கு இது போதும் என்பார். அந்தப் 'பரவாயில்லை'யைத் தாண்டி ஒரு சொல் வாங்கிவிட வேண்டும் என்று நாகமுத்து எத்தனை வயரை மாற்றியிருப்பார் என்று கணக்கில்லை.

போன ஐப்பசி மழையோடுதான் வினை ஆரம்பமானது. இடது பக்கத்துப் பெட்டி மங்கியது. சத்தம் நிற்கவில்லை. யாரோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவது மாதிரி ஆகிவிட்டது. சவுண்ட் கார்டைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. அதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு பொம்பிளைக் குரல் இருக்கிறது. அழுத்தினால் அவள் ஒவ்வொரு பெட்டியாகப் போய், இது முன் இடது, இது முன் வலது என்று இங்கிலீசில் சொல்லிக்கொண்டு அறையைச் சுற்றி வருவாள். பாப்பம்மா அவளுக்கு வைத்த பெயர் வெள்ளைக்காரி. வலது பக்கத்தில் நறுக்கென்று பேசிய வெள்ளைக்காரி, இடது பக்கம் வந்ததும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

நாகமுத்து முதலில் சந்தேகப்பட்டது சவுண்ட் கார்டைத்தான். இருபது வருடத்துக்கு மேல் உழைத்த கார்ட். இனி அந்த மாதிரி எங்கேயும் வராது. வாங்கினாலும் இன்றைக்குள்ள கம்ப்யூட்டரில் உட்காராது. அதோடு அவசரமும் இருந்தது. மகள் ரஜிதா தைப்பொங்கலுக்குத் தோஹாவிலிருந்து கைக்குழந்தையோடு வருகிறாள். வரும்போது, முழ நீளத்தில் ஒரு சவுண்ட்பார், அதை டீவிக்குக் கீழே வைத்தால் போதும், வயரும் வேண்டாம் பெட்டியும் வேண்டாம், கொண்டுவருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். பிள்ளை தவழுகிற வயது, வீடெல்லாம் வயர் என்பது அவளுடைய கவலை. பாப்பம்மா நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னாள். செட் ஒழுங்காகப் பாடினால் இருக்கட்டும், வயரையெல்லாம் மேலே தூக்கிக் கட்டலாம். பாடாத செட்டுக்காகப் பேரப்பிள்ளை தடுக்கி விழ வேண்டாம். பொங்கலுக்குள் இடது பக்கம் சரிவராவிட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

நியாயமான தீர்ப்பு. நாகமுத்துவிடம் அதற்கேற்ற வித்தையும் இருந்தது. ஊரில் யாருடைய ரேடியோ, டீவி கெட்டாலும் அவர் செய்வது ஒன்றுதான்: மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் மாற்றிய சாமான்தான் குற்றவாளி. கோளாறு நின்ற இடத்திலேயே நின்றால் அந்தச் சாமானை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் விசாரணை. பொலிசுக்காரர்கூட இவ்வளவு ஒழுங்காக விசாரிப்பதில்லை என்று சொல்லிக்கொள்வார்.

முதலில் சவுண்ட் கார்டைக் கழற்றி, அதன் தங்கப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் செருகினார். இடது மங்கல்தான். கார்டிலிருந்து வரும் இடது வயரையும் வலது வயரையும் மாற்றிக் கொடுத்தார். கார்டில் கோளாறு என்றால் இப்போது வலது பக்கம் மங்க வேண்டும். மங்கவில்லை. இடதுதான் மங்கியது. ஆக, கார்ட் நிரபராதி. நாகமுத்து அதைத் தடவிக்கொடுத்தார். அடுத்து பெட்டிகள் இரண்டையும் இடம் மாற்றினார். அப்போதும் இடதுதான். பெட்டியும் நிரபராதி. அப்படியானால் அறை. மழைக்கு இடது சுவர் ஈரம் குடித்துவிட்டது என்று முடிவு செய்து, கலண்டர்களைக் கழற்றினார், திரையைக் கழற்றினார், அலுமாரியை வலது பக்கம் தள்ளினார், பாப்பம்மாவின் தையல் மிஷினை முற்றத்துக்கு அனுப்பினார். மிஷின் திரும்பி வரும் வரை அவருக்குச் சோறு வராது என்று அறிவித்தல் வந்தது. இடது பக்கம் மங்கலாகவே இருந்தது.

மாற்றாமல் மிச்சமிருந்தது அவர் உட்கார்ந்திருந்த கதிரை ஒன்றுதான்.

பாப்பம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணியிருக்கும். நாகமுத்து வெள்ளைக்காரியை அழைத்துவிட்டு, கதிரையை முழுதாகத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி அடுப்படியைப் பார்த்து உட்கார்ந்தார். இடது பக்கத்துப் பெட்டி இப்போது அவருக்கு வலது கைப் பக்கம். அதிலிருந்து வெள்ளைக்காரி நறுக்கென்று பேசினாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. பிறகு மற்றப் பெட்டிக்குப் போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டாள்.

கதிரையை முன்னுக்குத் திருப்பினார். பின்னுக்குத் திருப்பினார். பதினொரு தடவை திருப்பியிருப்பார். விசாரணை முறையில் பிழை இல்லை. கோளாறு கதிரையோடு சேர்ந்து சுற்றியது.

ஹெட்போன் போட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஹெட்போனில் பாட்டுக் கேட்பது குளிக்கிற அறைக்குள் சாப்பிடுவது மாதிரி என்று சொல்லி, வாழ்க்கையில் அதை அவர் தொட்டதில்லை. அதனால் மூன்று கிழமை, முழுதாக இருபத்தொரு நாள், சுவரையும் திரையையும் விசாரித்தார்.

அவர் அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தார். லயத்துச் சுவர் ஞாபகம் வந்தது. எந்தச் சுவருக்குப் பயந்து இத்தனை வருடம் ரெயிலேறி வயரும் பெட்டியும் வாங்கினாரோ, அது தலைக்குள்ளேயே வந்து நின்றுகொண்டது. ஆனாலும் அந்த நேரத்தில் அவர் அழவில்லை, யோசித்தார். செட்டில் கோளாறு இல்லை என்று சொன்னால், பின்னே எதில் கோளாறு என்று கேட்பார்கள். காது கிளாக்கருக்குக் காது போய்விட்டது என்று மாத்தளை டவுன் வரை சிரிக்கும். சிரித்தால்கூடப் பரவாயில்லை, பாவம் என்பார்கள். பக்கத்தில் வந்து உரக்கப் பேசுவார்கள். தான் செவிடு என்று சொல்வதைவிட கார்ட் செத்துவிட்டது என்று சொல்வது மரியாதையாக இருந்தது. அது நன்றி கெட்ட வேலை என்றும் தெரிந்தது. ஒரு குற்றமும் செய்யாத கார்டின் மேல் கொலைப்பழியைப் போட்டு, ஆறு பெட்டியையும் கழற்றிச் சாக்கில் கட்ட வேண்டும். அந்த முடிவோடுதான் எழும்பினார்.

கோயிலிலிருந்து திரும்பிய பாப்பம்மாவிடம், கார்ட் முடிந்துவிட்டது, ரஜிதா சவுண்ட்பாரைக் கொண்டுவரட்டும் என்றார். பாப்பம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜமால்தீன் நானாவிடமும் சொல்லுங்கள், ஞாயிறு வந்து ஏமாறக்கூடாது என்றாள். போனில் செய்தி கேட்ட ஜமால்தீன், கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கேட்க வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு வந்தார். புதுச் சாரம், வெள்ளைச் சட்டை, தொப்பி. மையித்து கிடக்கும் சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வழக்கமான சண்டையை ஒருவரும் தொடங்கவில்லை. பிளேன்டீ ஆறியது. நாகமுத்து பழைய ரேடியோக் காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டார்.

ஜமால்தீன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொன்னார். இரண்டாம் முறை எழும்பிப் போய் இடது பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார், வலது பெட்டிக்குப் போய்க் கேட்டார், நடுவில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எந்தப் பக்கம் மௌத்தானது?" என்று சாவு விசாரிப்பது போலக் கேட்டார்.

"எடது."

"எடதா?"

"ஆமா நானா. கேக்கலயா ஒங்களுக்கு?"

ஜமால்தீன் நாகமுத்துவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். ஆள் வியாபாரி. சாக்கில் கை விட்டாலே மிளகு காய்ந்ததா ஈரமா என்று சொல்பவர். பாட்டு ஓய்ந்த பிறகு மெல்ல நடந்து நாகமுத்துவின் கதிரைக்குப் பின்னால், இடது தோள் பக்கமாகப் போய் நின்றார். கொஞ்சம் குனிந்து, கடையில் ரகசிய விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"நாகமுத்து, நீ ஒரு கழுத."

நாகமுத்து கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இருந்தார். அடுப்படி வாசலில் வந்து நின்ற பாப்பம்மாவின் குரல்தான் வந்தது.

"அது எனக்குத் தெரியும் நானா. முப்பத்தெட்டு வருசமாத் தெரியும்."

அவளுடைய குரலுக்கு நாகமுத்து திரும்பினார். பின்னால் ஜமால்தீன் குனிந்து நிற்பதைப் பார்த்தார். என்ன நடந்தது என்று விளங்கிவிட்டது. பிறகு நாகமுத்து, எப்போதிலிருந்து தெரியும் என்று மனைவியிடம் கேட்டார். போன வருசத்திலிருந்து என்றாள் பாப்பம்மா, கையைத் துடைத்தபடி. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?

"சொல்லியிருந்தா எனக்கு நஷ்டமில்லயா? வேணுங்கிறத எல்லாம் ஒங்க எடது பக்கமா நின்னுதான் கேப்பேன். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. சரின்னு அர்த்தம். அப்படித்தான் ரெண்டு சீலயும் கிரைண்டரும் வாங்கினேன். எங்க அண்ணன் மகன் கல்யாணத்துக்கு மூணு நாள் போயி நின்னதும் அப்படித்தான்."

நாகமுத்துவுக்குக் கோபப்பட வேண்டும் போலிருந்தது. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு முகம் கோணியது. பாப்பம்மா பக்கத்தில் வந்து நின்றாள், இந்தமுறை வலது பக்கமாக.

ஜமால்தீன் தன் கதிரையில் போய் உட்கார்ந்து ஆறிய பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. கார்ட் செத்தது என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் இருபது வருடச் சண்டையில் அவருக்கு வெற்றி. கம்ப்யூட்டர் பாட்டு நிலைக்காது என்று அவர் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் தோல்வி. தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்தார், திரும்பத் தலையில் வைத்தார்.

"கேளு. வலது காத இந்தப் பக்கம் திருப்பு. நான் ஒரு தரம்தான் சொல்லுவன். உன் கார்டுல ஒரு கொறையும் இல்ல. இன்டக்கி மட்டும் இல்ல, ஒரு நாளும் இருந்ததில்ல. என்ட செட்டு நல்லா ஈந்த காலத்துலயும் இதுக்குக் கிட்ட வரல்ல. இது சுத்தமான சத்தம். அத நீ கொன்னுபோட்டா, ஞாயித்துக்கிழம நான் எங்க போறது?"

நாகமுத்து அந்த வார்த்தைகளை வலது காதால் கேட்டார். இருபது வருடமாக எதற்காகக் காத்திருந்தாரோ அது வந்துவிட்டது, பாதி கேட்கிற நேரத்தில் வந்தது. இன்னொருமுறை சொல்லுங்கள் நானா, சரியாகக் கேட்கவில்லை என்றார். பொய் சொல்லாதே என்றார் ஜமால்தீன்.

அடுத்த கிழமை பாப்பம்மா அவரை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். காது நரம்பு தளர்ந்துவிட்டது, இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது, மிஷின் வைத்தால் பேச்சு விளங்கும் என்றார்கள். அந்தச் சின்ன மிஷினுக்குள்ளும் ஒரு சவுண்ட் கார்ட் மாதிரித்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நாகமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, அது எத்தனை பிட், எவ்வளவு வேகம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பின்னால் நின்ற வரிசை வெளியே முற்றம் வரை போனது. பஸ் ஸ்டாண்ட் வரை போனது என்று பாப்பம்மா சொல்வாள், அது கொஞ்சம் கூடுதல்.

மிஷின் பேச்சுக்கு உதவியது. பாட்டுக்கு ஒத்துவரவில்லை, தகரம் தட்டுவது மாதிரி இருந்தது. செட்டுக்கு முன்னால் உட்காரும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பொங்கலுக்கு ரஜிதா வந்தாள், சவுண்ட்பாரும் வந்தது. அது படுக்கிற அறையில் இருந்து பிள்ளைக்குத் தாலாட்டுப் போட்டது. வயரையெல்லாம் கூட வந்த மருமகன் சுவரின் உச்சியில் ஏற்றிக் கட்டிவிட்டான். போகும்போது மகள் ஒரு யோசனை சொன்னாள். இடது பக்கத்துச் சத்தத்தை மட்டும் கம்ப்யூட்டரில் கூட்டி வைத்தால் அப்பாவுக்குச் சமமாகக் கேட்குமே, திரையில் ஒரு சின்னக் கோட்டை மேலே நகர்த்துகிற வேலைதானே? நாகமுத்து மறுத்துவிட்டார். இருக்கிறபடி இருக்கட்டும், வருகிறவர்கள் காதைக் கெடுக்கக் கூடாது என்றார். வருகிறவர்கள் என்றால் ஜமால்தீன்.

ஆகவே ஞாயிறு பின்னேரங்களில் செட் பிசகில்லாமல் பாடுகிறது. நாகமுத்து நடுக் கதிரையில், ஜமால்தீன் அவருடைய வலது பக்கத்தில். பாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நாகமுத்து லேசாகச் சாய்ந்து கேட்பார்.

"நானா, எடது பக்கம் என்ன நடக்குது?"

ஜமால்தீன் கண்ணை மூடிக்கொண்டே அறிவிப்பார். வயலின் ரெண்டு, இப்போது மூன்று. ஒரு ஆள் ஓரமாக உட்கார்ந்து கடம் வாசிக்கிறான். ஷெனாய் ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. வர வர அவருக்குக் கற்பனை கூடிவிட்டது. போன கிழமை ஒரு பாட்டின் இடது பக்கத்தில் முழுப் பாண்ட் வாத்தியக் கோஷ்டியையே இறக்கி, அதற்குப் பின்னால் இரண்டு ஒட்டகத்தையும் நடத்திவிட்டார்.

அந்தப் பாட்டு நாகமுத்துவுக்குத் தலைகீழ்ப் பாடம். இடது பக்கத்தில் அங்கே ஒரு புல்லாங்குழல், அதுவும் இரண்டே இரண்டு இடத்தில்தான். ஷெனாயும் இல்லை, பாண்ட் வாத்தியமும் இல்லை.

"ஒட்டகம் இன்னும் நிக்குதா நானா?" என்றார்.

"நிக்குது. தண்ணி குடிக்குது."

நாகமுத்து தலையை ஆட்டி ரசித்துவிட்டு, பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.